எல்லாம் போனில் இருக்கிறதா?

பழைய டெக்னோ ரெக்கார்டுகளைத் தேடிப்பிடித்து வாங்குவது வெட்டி வேலை என்பதில் இன்று பெரும்பாலும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். கீழ்புத்துப்பட்டில் ஈ.சி.ஆர். ஓரத்து டீக்கடையில் இதைத்தான் சொல்கிறார்கள். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளும் இதைத்தான் சொல்கிறார்கள். சென்னையில் இசை பற்றி எழுதும் நண்பர்கள் இதையே கொஞ்சம் நாசூக்காகச் சொல்கிறார்கள். "எல்லாந்தான் போன்ல கெடைக்குதே, தட்டு எதுக்கு தம்பி?" என்பது முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மற்றவை வரிசையாக வந்துவிடும். அது வெள்ளைக்காரன் சத்தம், நம்ம இசையா? எவனோ போட்டுத் தேய்த்ததை வாங்கினால் அதைச் செய்தவனுக்கு என்ன போய்ச் சேரும்? மரக்காணம் உப்புக் காற்றில் எதுதான் தங்கும்? கடைசியில் தீர்ப்பு: காசு இருக்கிறவனுடைய பவுசு.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. கைமாறி வந்த டெக்னோ தட்டு, அந்த இசையின் வரலாறு எழுதப்பட்டிருக்கும் ஏடு. அதைக் காப்பாற்றுகிறவர் செய்வது வேலை, பொழுதுபோக்கு அல்ல. அந்த வேலை லண்டனிலும் பெர்லினிலும் மட்டும்தான் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

போன் வாதத்திலிருந்து தொடங்குகிறேன். மற்ற வாதங்கள் எல்லாம் இதன் முதுகில்தான் ஏறி நிற்கின்றன.

சினிமாப் பாட்டுக்குத் தட்டு என்பது பல வடிவங்களில் ஒன்று. படம் இருக்கிறது, ரேடியோ இருந்தது, கேசட் வந்தது, சி.டி. வந்தது. தட்டு தொலைந்தாலும் பாட்டு தொலையாது. டெக்னோவின் கதை வேறு. 1980களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் இதை வளர்த்தெடுத்தபோது அவர்களுக்குப் பின்னால் பெரிய கம்பெனி எதுவும் இல்லை. கார்த் தொழில் நொடித்து, 1950இல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை வடிந்துகொண்டிருந்த ஊர் அது. அட்கின்ஸ் 1985இல் மெட்ரோப்ளெக்ஸ் என்ற பெயரில் தானே ஒரு லேபிள் தொடங்கினார். மே டிரான்ஸ்மேட் லேபிளையும் சாண்டர்சன் கே.எம்.எஸ். லேபிளையும் நடத்தினார்கள். வீட்டில் இயந்திரங்களை வைத்துப் பாடலை உருவாக்குவது, உள்ளூரிலேயே தட்டாக அடிப்பது, அடித்ததை டி.ஜே.க்களிடமும் கடைகளிடமும் சேர்ப்பது, வந்த காசில் அடுத்த தட்டை அடிப்பது என்றுதான் வண்டி ஓடியது. 1965 முதல் அதே ஊரில் இயங்கிவரும் ஆர்ச்சர் என்ற குடும்பத் தொழிற்சாலையில் அந்தத் தட்டுகள் ஏராளமாக அச்சாயின. ஒரு தலைப்புக்குச் சில நூறு பிரதிகள், நன்றாகப் போனால் சில ஆயிரம். பல தலைப்புகள் அதோடு முடிந்தன. ஆக, அந்த இசைக்குத் தட்டுதான் உடம்பு.

அந்த உடம்பில் இருப்பவற்றில் எவ்வளவு போனுக்கு வந்தது? ஓசை வந்தது, அதுவும் முழுதாக இல்லை. ஜெஃப் மில்ஸ் 1994இல் தன் ஆக்ஸிஸ் லேபிளில் வெளியிட்ட 'சைக்கிள் 30' என்ற தட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஊசி உள்நோக்கி நகர்ந்துபோகாத வட்டப் பள்ளங்கள் இருக்கின்றன. ஊசி அதில் இறங்கிவிட்டால் நாமாகத் தூக்கும்வரை அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அந்த 1.8 விநாடிக்குள் நான்கு அடிகள் கச்சிதமாக உட்கார வேண்டுமானால் வேகம் நிமிடத்துக்கு 133 அடியும் மூன்றில் ஒரு பங்குமாக இருக்க வேண்டும். தட்டு சுழலும் வேகமே இங்கே தாளத்தை நிர்ணயிக்கிறது. அந்த வட்டத்துக்கு முடிவு கிடையாது, எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதைக் கேட்பவர் தீர்மானிக்கிறார். இதைப் போனில் ஏற்றும்போது யாரோ ஒருவர் ஓரிடத்தில் வெட்டி, இத்தனை நிமிடம், இத்தனை விநாடி என்று நீளம் குறிக்கிறார். அந்த வெட்டு பாடல் உருவாக்கியவருடையது அல்ல.

டெட்ராய்டில் இந்தத் தட்டுகளுக்கு மூலப் பள்ளம் வெட்டியவர்களில் முக்கியமானவர் ரான் மர்ஃபி. முடிவில்லா வட்டம், ஒரே பக்கத்தில் இரண்டு பள்ளங்கள் இணையாக ஓடுவது, உள்ளிருந்து வெளியே பாடுவது போன்ற வித்தைகளுக்கெல்லாம் அவரைத்தான் தேடிப் போனார்கள். பாடல் முடிந்து லேபிளுக்கு முன் ஒரு வழவழப்பான வளையம் இருக்குமே, அங்கே அவர் கையால் எழுத்துப் பொறிப்பார். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் அது தெரியும். வெட்டிய கூடத்தின் அடையாளமாக என்.எஸ்.சி. என்று மூன்று எழுத்து, பக்கத்தில் சில தட்டுகளில் கேட்பவருக்கு ஒரு சொல். எந்தப் பிரதி முதல் அச்சு, எது பிந்தையது, எது திருட்டு அச்சு என்பதையெல்லாம் இந்தப் பொறிப்பைப் படித்துத்தான் சொல்ல முடியும். 2008இல் மர்ஃபி இறந்துவிட்டார். அவருடைய கையெழுத்து இன்று தட்டுகளில் மட்டும் இருக்கிறது.

ஒரு தட்டு பல கை மாறி வரும்போது தன்னோடு கொண்டுவரும் செய்திகளும் உண்டு. என்னிடம் இருக்கும் பன்னிரண்டு அங்குலத் தட்டு ஒன்றில் லேபிள் ஓரமாக நீல மையில் 131 என்று எழுதியிருக்கிறது. பழைய சொந்தக்காரர் எழுதிவைத்த வேகக் கணக்கு. அதே பக்கத்தின் தொடக்கத்தில் சில சுற்றுகள் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் தேய்ந்திருக்கின்றன. முதல் அடியைச் சரியான இடத்தில் விடுவதற்காக அவர் தட்டை விரலால் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித் தேய்ந்த இடம் அது. மறுபக்கம் புதுக்கருக்கு மாறாமல் இருக்கிறது. எந்தப் பக்கத்துக்குக் கூட்டம் ஆடியது, எந்தப் பக்கத்தை அவர் தொடவே இல்லை என்று இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வாளர் எழுதிவிட முடியும்? புதிதாக அடித்த மறுபதிப்பில் இது இருக்காது. போனில் இருக்க வழியே இல்லை.

"சரி, ஓசையாவது பத்திரமாக இருக்கிறதே" என்பார்கள். எங்கே பத்திரமாக இருக்கிறது? ஒரு காலத்தில் உலகம் முழுதும் புதிய இசைக்காரர்கள் தங்கள் பாடல்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் மைஸ்பேஸ். 2003 முதல் 2015 வரை அங்கே ஏற்றப்பட்ட 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள், சர்வர் மாற்றும் வேலையில் தொலைந்துபோனதாக 2019இல் செய்தி வந்தது. அங்கே மட்டும் தங்கள் பாடலை வைத்திருந்தவர்களுக்குத் திரும்பிப் போக இடமில்லை. யூடியூபில் இருக்கும் பழைய டெக்னோ பெரும்பாலும் யாரோ ஒரு சேகரிப்பாளர் தன் தட்டிலிருந்து பிரதியெடுத்து ஏற்றியது. அந்தக் கணக்கு மூடப்பட்டால் அது போயிற்று. திரும்ப ஏற்ற வேண்டுமென்றால் யாரிடமாவது தட்டு இருந்தாக வேண்டும். போனில் எல்லாம் இருக்கிறது என்று சொல்கிறவர்கள், யாரோ ஒருவர் வாங்கி வைத்திருந்த பழைய தட்டின் தயவில் நின்றுகொண்டுதான் தட்டு எதற்கு என்று கேட்கிறார்கள்.

இதற்கு இந்தியாவிலேயே ஒரு சாட்சி உண்டு. இந்த வாதத்தில் நான் மற்ற எதைவிடவும் இதைத்தான் நம்புகிறேன்.

சரண்ஜித் சிங் பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்தவர். சந்தைக்குப் புதிதாக வந்திருந்த மூன்று ரோலண்ட் கருவிகள் அவருக்குச் சிங்கப்பூரில் கிடைத்தன: ஜூபிடர்-8, டி.ஆர்-808 தாள இயந்திரம், டி.பி-303 பேஸ் இயந்திரம். அவற்றை வைத்துக்கொண்டு 1982இல் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தார். கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா அதை எச்.எம்.வி. முத்திரையோடு எல்.பி.யாக வெளியிட்டது. அதில் பூபாளி உண்டு, நம் மோகனம். மால்கௌன்ஸ் உண்டு, நம் இந்தோளம். யமன் உண்டு, நம் கல்யாணி. தட்டு விற்கவில்லை. சரண்ஜித்தும் அதை விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அதே 303 இயந்திரத்தை முறுக்கி 'ஆசிட் ட்ராக்ஸ்' என்ற தட்டைக் கொண்டுவந்தது 1987இல். டெக்னோவோடு பிறந்த அந்த ஆசிட் ஓசைக்கு அதுவே தொடக்கம் என்று உலகம் எழுதிவைத்திருந்தது.

2002இல் எடோ பௌமன் என்ற டச்சு சேகரிப்பாளர் டெல்லியில் பழைய தட்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது அந்த ஓசையை முன்பே பதித்திருந்த சரண்ஜித்தின் எல்.பி. அவர் கையில் அகப்பட்டது. அவர் சரண்ஜித்தைத் தேடிக் கண்டுபிடித்தார். பாம்பே கனெக்‌ஷன் என்ற தன் லேபிளில் 2010இல் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். வந்ததும் பலர் நம்பவில்லை. இப்படி ஒன்றை 1982இல் பம்பாயில் ஒருவர் செய்திருக்க முடியாது, ஏதோ ஐரோப்பியக் கலைஞர் பொய்ப்பெயரில் விளையாடுகிறார் என்று பேசினார்கள். அந்தப் பேச்சை அடக்கியது எது? மும்பையில் உயிரோடு இருந்த மனிதரும், எச்.எம்.வி. முத்திரையோடு இருந்த பழைய தட்டும்தான். தட்டு இல்லாமல் வெறும் ஒலிக்கோப்பு மட்டும் வெளிவந்திருந்தால் இந்தியனின் பங்கு ஒரு வதந்தியாகவே முடிந்திருக்கும். எழுபது வயதுக்குப் பிறகு அந்த மனிதர் ஐரோப்பாவுக்குப் போய் அதே ராகங்களை அதே இயந்திரங்களில் மேடையில் வாசித்தார். 2015இல் காலமானார்.

பழைய தட்டு வாங்கினால் கலைஞனுக்கு ஒன்றும் போகாது என்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். டெல்லியில் அந்தத் தட்டுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பைசாகூடச் சரண்ஜித்துக்குப் போகவில்லை, உண்மைதான். ஆனால் புதுத் தட்டு விற்பனை அவருக்குத் தராத பெயரையும் மேடையையும் அந்தப் பழைய பிரதிதான் தந்தது. இந்தக் கவலையை எழுப்புகிறவர்கள் கேட்பதெல்லாம் ஸ்பாட்டிஃபையில். அந்த நிறுவனம் 2024 முதல் வைத்திருக்கும் விதி என்ன? ஒரு பாட்டு ஆண்டுக்கு 1,000 முறையாவது கேட்கப்படவில்லை என்றால் அதன் பதிவுக்குப் பங்குத்தொகை கிடையாது. சில நூறு பிரதி அடித்த டெக்னோக்காரர்களில் எத்தனையோ பேரின் பாட்டு அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கிடக்கும். தட்டு கைக்குக் கை மாறிப் புழங்கி, பெயர் பரவி, விலை ஏறினால்தான் யாராவது மறுபதிப்புக்கு வருகிறார்கள், உரிமைத்தொகை பேசுகிறார்கள். பழைய தட்டுச் சந்தை கலைஞனுக்கு எதிரி என்ற பேச்சு கேட்க நியாயமாக இருக்கிறது, நடப்பில் அப்படி இல்லை.

'செகண்ட் ஹேண்ட்' என்பதையே தாழ்வாகப் பேசுகிறவர்கள் இந்த இசை பிறந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 303 இயந்திரம் கிதார் வாசிப்பவருக்குப் பக்கத்தில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்க்கச் செய்யப்பட்டது. அந்த வேலைக்கு அது உருப்படவில்லை. 1984இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். கடைகளில் அடிமாட்டு விலைக்குக் கிடந்ததால்தான் காசில்லாத சிகாகோ பையன்கள் கையில் அது வந்து சேர்ந்தது. ஃபியூச்சர் குழுவினர் வாங்கியதும் பழைய சாமான் கடையில்தான். 808க்கும் அதே கதி, அதே மறுவாழ்வு. பிறர் கழித்துவிட்ட பொருளிலிருந்து எழுந்த இசையைப் பழைய தட்டில் கேட்பதில் என்ன குறைச்சல்?

இனி 'நம்ம இசையா' என்ற கேள்வி.

எண்பதுகள் வரை எங்கள் பக்கத்தில் கல்யாணமோ காதுகுத்தோ கோயில் திருவிழாவோ, முதல் நாளே மைக் செட் வந்து இறங்கிவிடும். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். பந்தல் மூலையில் ஒரு மேஜை, அதன்மேல் ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், தகரப் பெட்டி நிறையத் தட்டுகள். செட்டுக்காரர் முதலில் பிள்ளையார் பாட்டைப் போடுவார். பெண் அழைப்புக்கு ஒன்று, மாப்பிள்ளை ஊர்வலம் தெருவில் நுழையும்போது ஒன்று, பந்தி நடக்கும்போது சத்தம் குறைத்து ஒன்று, ராத்திரி பெரியவர்களுக்குக் கட்டபொம்மன் வசனத் தட்டு. எந்தத் தட்டுக்குப் பின் எந்தத் தட்டு என்று கூட்டத்தின் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பார். இளவட்டங்கள் ஆட ஆரம்பித்துவிட்டால் ஊசியைத் தூக்கித் திரும்பவும் அதே பாட்டின் தலையில் வைப்பார். தட்டை வைத்துக் கூட்டத்தை நடத்துகிற கலை இந்தக் கரையில் இரண்டு தலைமுறை புழங்கியது. டெட்ராய்ட் டி.ஜே. இரண்டு பிளேயர்களை வைத்துக்கொண்டு ஒரு தட்டின் தாளத்தை இன்னொன்றின் தாளத்தோடு இழைத்தார். தொழில்நுட்பம் வேறு, தொழில் ஒன்றுதான். அன்னியம் என்று நம்மவர்கள் ஒதுக்குவதை மரக்காணத்துச் செட்டுக்காரர் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் பிடித்திருப்பார்.

'பாட்டே இல்லை, வெறும் தட்டல்' என்றும் சொல்வார்கள். வார்த்தை இல்லாத தாளத்தை மணிக்கணக்கில் கேட்டு உடம்பு சிலிர்ப்பது எப்படியென்று பம்பையும் உடுக்கையும் அடிக்கிற ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கோயில் தாளத்துக்குத் தெய்வம் உண்டு, காரணம் உண்டு. திரும்பத் திரும்ப வரும் அடியைக் கேட்கும் பொறுமை தமிழனுக்குக் கிடையாது என்ற பேச்சைத்தான் மறுக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீழ்புத்துப்பட்டில் ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. போர் துரத்தி ஒரு கூட்டம் இங்கே வந்து சேர்ந்ததுபோல், இன்னொரு கூட்டம் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படி 1986இல் யாழ்ப்பாணத்து நினைவுகளோடு லண்டனுக்குத் திரும்பிய சிறுமிதான் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா அருள்பிரகாசம். ரோலண்ட் எம்.சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில் அவர் தன் முதல் பாடல்களை அமைத்தார். 'கலாங்' 2003இல் ஷோபிஸ் என்ற சிறு லேபிளில் முதலில் வந்தபோது அடித்தது 500 தட்டுகள். அந்த 500 பிரதிகள் டி.ஜே.க்கள் கையில் சுற்றித்தான் அவரை எக்ஸ்.எல். நிறுவனம் வரை கொண்டுபோயின. அந்த எக்ஸ்.எல். 1989இல் ரேவ், டெக்னோ தட்டுகளுக்காகத் தொடங்கப்பட்ட லேபிள். 2007இல் வந்த 'கலா' தொகுப்புக்காக அவர் சென்னைக்கு வந்து நம் உறுமியைப் பதிவுசெய்து கொண்டுபோனார். அவருடையது சுத்தமான டெக்னோ அல்ல, அதை ஒட்டி ஓடுகிற நடன இசை. ஆனாலும் ஒரு தமிழ்ப் பெண் உலகத்தின் காதில் நுழைந்தது இப்படிப்பட்ட தட்டின் வழியாகத்தான். அந்த 500இல் ஒன்று நாளை யார் வீட்டிலாவது எடைக்குப் போகும்போது, இது எங்களுடையது என்று எடுத்துவைக்கத் தமிழர் ஒருவர்கூட இருக்கக் கூடாதா?

நாம் எடுத்துவைக்காததை மற்றவர்கள் எடுத்துவைக்கிறார்கள். எழுபது, எண்பதுகளில் இளையராஜா சிந்தசைசரில் செய்த பாடல்களைத் தேடித் தொகுத்து 'சொல்லச் சொல்ல' என்று தட்டாக வெளியிட்டது பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம். இங்கே அந்தப் பழைய தட்டுகள் பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் தார்ப்பாய் மேல் வெயிலில் கிடக்கின்றன. டெக்னோவை நம்மோடு சேர்க்காதே, இளையராஜா தட்டு வாங்கினால் நியாயம் என்று சொல்லும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் எத்தனை வாங்கி வைத்திருக்கிறீர்கள்? ஒன்றைக் காக்கத் தெரிந்தவன்தான் மற்றதையும் காப்பான்.

உப்புக் காற்று வாதத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தட்டு செய்யப்படும் பி.வி.சி.யின் எடையில் பாதிக்கும் மேல், சுமார் 57 சதவீதம், குளோரின். அந்தக் குளோரின் வருவது உப்பிலிருந்து. உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தெடுக்கிறார்கள். அளத்தில் வாருகிற அதே பொருளின் பிள்ளைக்கு உப்பு எமனாகாது. உப்புக் காற்று தின்பது உலோகத்தை. கார்ட்ரிட்ஜின் பின்பக்கத்து நான்கு கம்பிகளையும், ஒயர் முனைகளையும், மோட்டாரையும் அது பதம் பார்க்கும். அவற்றை அவ்வப்போது துடைத்துச் சுத்தம் செய்தால் போதும். ஈரம் அட்டையில் பூஞ்சையாக ஏறும், கரையான் அட்டையை விரும்பித் தின்னும். தட்டை வளைப்பது வெயில். கோவாவின் கடற்கரை விருந்துகளில் டி.ஜே.க்கள் தட்டை விட்டுவிட்டுக் கேசட்டும் டாட் என்ற டிஜிட்டல் நாடாவும் வைத்து வாசித்ததற்கு அந்த வெயில்தான் காரணம். திறந்த மணலில் நாள் முழுக்க வாசிக்கிறவருக்கு அது சரி. நிழல் விழும் உள்ளறையில், சுவரை ஒட்டாத அலமாரியில், படுக்கப்போடாமல் நிறுத்திவைத்த தட்டுக்கு ஒன்றும் ஆகாது. பூஞ்சை படிந்து வந்த தட்டை, துளி பாத்திர சோப்பு கலந்த வாலை வடிநீரில் மென்துணியால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் துடைத்து, வெறும் வடிநீரில் இன்னொரு முறை அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்தினால் ஊசி பழையபடி ஓடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது இந்தக் கரை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். நனைந்த தட்டைக் கழுவிப் போட்டுக் கேட்கலாம். நனைந்த போனும் ஹார்டு டிஸ்க்கும் அப்படிப் பிழைக்கும் என்று நம்ப முடியாது.

என் பக்கத்து ஆட்களோடும் எனக்குச் சண்டை உண்டு. தட்டின் ஒலி 'சூடானது', சி.டி.யை விட உயர்ந்தது என்று அவர்கள் சொல்லும்போது எதிராளி சிரிக்கிறார். சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது. அளந்து பார்த்தால் சி.டி.யில் இரைச்சல் குறைவு, ஒலியின் வீச்சு அதிகம். பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரே பாடல் என்று வைத்தால் பள்ளத்தை அகலமாக வெட்டலாம், பேஸ் பலமாக வரும். டி.ஜே.க்கு வசதியான அந்த வடிவத்தின் பலன் அதோடு சரி. இந்த வழக்கைக் காதின் சுகத்தை வைத்து நடத்தினால் தோற்போம். உறையைப் பிரிக்காமல் அலமாரியில் பூட்டி, விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்களுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். டெக்னோ தட்டின் தொடக்கத்தில் வெறும் தாளம் மட்டும் நீளமாக ஓடுவது, இன்னொரு தட்டோடு அதைக் கோத்துக்கொள்வதற்காகவே. யாரும் போடாமல் வைத்திருக்கும் தட்டில் அந்தத் தாளம் யாருக்காகக் காத்திருக்கிறது? பணக்காரப் பவுசு என்ற பழி அவர்களால் வந்தது. அதை எல்லோர் தலையிலும் போடுவது நியாயமில்லை. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒரு பெட்டிக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, விரல் கறுக்கக் கறுக்க ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒன்றும் அகப்படாமல் எழுந்து போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் மெக்கானிக் உண்டு, வாத்தியார் உண்டு.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் மரியாதை கொடுக்கிறேன். வரலாறு என்கிறீர்களே, அதை உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டால் ஊருக்கு என்ன லாபம்? இது சரியான கேள்வி. தட்டுச் சந்தையைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கிறது. இன்று உலகத்தின் எல்லாவகைத் தட்டுகளுக்கும் பேரேடாக இருக்கும் டிஸ்காக்ஸ் தளம், 2000இல் கெவின் லெவண்டோவ்ஸ்கி என்ற ஒருவர் மின்னணு இசைத் தட்டுகளை மட்டும் பட்டியலிடத் தொடங்கியது. லேபிளில் உள்ளதையும் உள்வளையத்தில் பொறித்ததையும் பார்த்துப் பார்த்து அதில் எழுதி நிரப்பியவர்கள் சேகரிப்பாளர்கள்தான், கூலி இல்லாமல். அந்தப் பழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம். நான் ஒவ்வொரு அட்டைக்குள்ளும் ஒரு சீட்டு வைக்கிறேன்: எங்கே வாங்கியது, எந்த வருஷம், முன்பு எப்படிப்பட்டவர் கையில் இருந்தது, உள்வளையத்தில் என்ன பொறித்திருக்கிறது, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது. கேட்க வருகிறவருக்குப் போட்டுக்காட்டுகிறேன், பிரதியெடுக்க விரும்புகிறவருக்குக் கொடுக்கிறேன். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய கிராமபோன் தட்டுகளையும் நூல்களோடு சேர்த்துப் பாதுகாக்கிறது. தனி ஒருவர் செட்டிநாட்டில் சேர்த்துவைத்தவற்றிலிருந்து எழுந்த நூலகம் அது. அவர் சேர்த்த காலத்தில் அவரையும் இதே கேள்விகளைக் கேட்டிருப்பார்கள்.

அதனால் காலாப்பட்டுப் பிள்ளைகளுக்கும் கூனிமேடு, அனுமந்தை, மரக்காணம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ மைக் செட் வைத்திருந்தால் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். ஆரோவில் பக்கம் வீடு காலிசெய்து ஊருக்குத் திரும்பும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் உங்களிடம் ஒரு கட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். காயலான் கடைக்காரர் அதற்குக் கிலோ கணக்கில்தான் விலை போடுவார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். லேபிளைப் படியுங்கள், உள்வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத லேபிளாக இருந்தால், வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதியிருந்தால், அதை முதலில் தனியாக எடுத்துவையுங்கள்.